ட்ரோபோமி நைட்ரஜன் டைஆக்சைடு தரவு, பாண்டோரா கருவி: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

செண்டினல்-5பி செயற்கைக்கோள் 2017 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்டது. அதிலுள்ள ட்ரோபோமி நிறமாலைமானியின் நைட்ரஜன் டைஆக்சைடு தரவு 2018 ஏப்ரல் இறுதியிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 824 கி.மீ. உயரத்திலிருந்து 2,600 கி.மீ. அகலப் பட்டையைப் பார்த்துக்கொண்டு, உள்ளூர் நேரம் பிற்பகல் 1:30 வாக்கில் ஒவ்வோர் இடத்தையும் கடந்து போகும் கருவி இது. தரையிலிருந்து சூரியனை நேராகப் பார்த்து அளக்கும் பாண்டோராவோடு அதை வைத்துச் சரிபார்ப்பதில் ஆண்டுக்கணக்கில் பழகியபின் தேறியவை இங்கே உள்ளன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ட்ரோபோமி நம்பகமான கருவி. ஒப்பீட்டின் கடைசியில் 'செயற்கைக்கோளின் பிழை' என்று எழுதப்படும் எண்ணில் பெரும்பங்கு கருவியிலிருந்து வருவதில்லை. தரவைக் கணக்கிட்ட மென்பொருளின் எந்தப் பதிப்பை எடுத்தோம், எந்தப் பிக்சலை எந்த நிமிடத்தோடு சேர்த்தோம், வாயுவின் செங்குத்துப் பரவலை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்ற மூன்று முடிவுகளிலிருந்துதான் வருகிறது.

அலகில் தொடங்குவோம். ட்ரோபோமி கோப்புகளில் தூண் அளவு, அதாவது ஒரு பரப்புக்கு மேலே நிற்கும் காற்றுத்தூணில் உள்ள வாயுவின் மொத்த அளவு, மோல்/மீ² அலகில் இருக்கும். அதை 6.02214 × 10¹⁹ ஆல் பெருக்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை மூலக்கூறு என்பது கிடைக்கும். ஆகவே 0.0001 மோல்/மீ² என்பது ஏறத்தாழ 6 × 10¹⁵. பாண்டோராவின் பழைய கோப்புகள் டாப்சன் அலகில் இருக்கும். ஒரு டாப்சன் 2.687 × 10¹⁶ மூலக்கூறு/செ.மீ². பழைய, புதிய பாண்டோரா கோப்புகளைக் கலந்து ஒரே வரிசையாக்கும்போது இந்த மாற்றம் நழுவிப்போவது அடிக்கடி நடக்கிறது. கோப்பின் தலைப்பகுதியைப் படிக்காமல் எண்களைத் தொடக் கூடாது.

அடுத்தது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. பாண்டோராவின் நேர்சூரிய அளவீடு தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள மொத்தத் தூண். ட்ரோபோமி கோப்பில் முதன்மையாகத் தரப்படுவதோ ட்ரோபோஸ்பியர் எனும் கீழடுக்கின் தூண் மட்டும். இரண்டையும் அப்படியே கழித்துவிட்டு 'செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுகிறது' என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் கண்ட வேறுபாட்டில் ஒரு பகுதி மீளடுக்கில், அதாவது ஸ்ட்ராடோஸ்பியரில், இருக்கும் நைட்ரஜன் டைஆக்சைடுதான். அது சில 10¹⁵ அளவுக்கு வரும். மாசு குறைந்த இடத்தில் மொத்தத்தில் பெரும்பங்கு அதுவே. கீழடுக்குத் தூணையும் மீளடுக்குத் தூணையும் கூட்டிய 'சம்டு' மாறியை எடுப்பதே சரி. கோப்பில் 'டோட்டல் காலம்' என்ற பெயரில் இன்னொரு மாறியும் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிட வேண்டாம். அது முழுச் சாய்தூணை (ஒளி சாய்வாக வந்த பாதை நெடுக உள்ள வாயு அளவு) ஒரே வளிநிறைக் காரணியால் (சாய்தூணை நிலைத்தூணாக மாற்றும் எண்) வகுத்து வருவது, மாசு மிகுந்த இடங்களில் வேறு விடை தரும்.

வடிகட்டலில் 'க்யூஏ' (ஒவ்வொரு பிக்சலின் தர எண்) மதிப்பு 0.75-க்கு மேல் என்பது பரிந்துரைக்கப்பட்ட எல்லை. மேகத்திலிருந்து வரும் ஒளியின் பங்கு பாதியைத் தாண்டிய பிக்சல்களும், பனிமூடிய தரையால் கெட்டவையும், கணக்கீடு தடுமாறியவையும் இதில் போய்விடும். ஆவரேஜிங் கர்னலை (எந்த உயரத்து வாயுவைக் கருவி எவ்வளவு உணர்கிறது என்ற அடுக்குவாரி எடை) கொண்டு வளிமண்டலக் கணினி மாதிரியோடு ஒப்பிடுவோர் 0.5 வரை இறங்கலாம். இதற்குமேல் சொந்தமாக வடிகட்டுவதில் கவனம் வேண்டும், குறிப்பாக எதிர்மறை மதிப்புகளில். தூய காற்றுப் பகுதியில் ஒரு பிக்சலின் சாய்தூண் இரைச்சல் ஏறத்தாழ 0.5 × 10¹⁵. உண்மை மதிப்பு அதற்குப் பக்கத்தில் இருந்தால் சில பிக்சல்கள் சுழிக்குக் கீழே இறங்கத்தான் செய்யும். 'எதிர்மறைத் தூண் இயற்பியலில் இல்லை' என்று அவற்றை நீக்கினால் இரைச்சலின் கீழ்ப்பாதி போய், மேல்பாதி தங்கி, மாதச் சராசரி பொய்யாக உயரும். எதிர்மறைகளை அப்படியே விட வேண்டும்.

பதிப்பு விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 2020 இறுதிவரை இருந்த 1.2, 1.3 பதிப்புகளில் மேக உயரத்தைக் கணிக்கும் முறை, தாழ்ந்த மேகங்களைத் தரைக்கு மிக நெருக்கமாக வைத்தது. மேகம் தரையோடு ஒட்டியிருந்தால் அதற்குக் கீழே மறைந்த வாயு குறைவு என்று கணக்கு முடிவு செய்கிறது. வளிநிறைக் காரணி கூடுகிறது. தூண் அளவு குறைகிறது. பதிப்பு 1.4-இல் ஆக்சிஜன் உட்கவர் பட்டையின் அகன்ற பகுதியைப் பயன்படுத்தும் ஃப்ரெஸ்கோ-வைட் முறை வந்தது. மேகம் மேலேறியது, மாசு மிகுந்த பகுதிகளில் தூண் அளவும் உயர்ந்தது. 2021 ஜூலையில் பதிப்பு 2.2, 2022 ஜூலையில் திசைசார் தரைப் பிரதிபலிப்பைக் கணக்கில் எடுக்கும் பதிப்பு 2.4 என்று தொடர்ந்தது. இவற்றை ஒட்டுப்போட்டு போக்குக் கோடு வரைந்தால், 2020 இறுதியில் ஒரு படி தெரியும். அந்தப் படி காற்றில் நடந்ததல்ல. ஊரடங்குக் கால மாசுக் குறைவையும் பிந்தைய மீட்சியையும் ஒப்பிட்ட வேலைகளுக்கு இது நேரடி ஆபத்து, ஏனெனில் மீட்சி இருக்கும் திசையிலேயே பதிப்பு மாற்றமும் தள்ளுகிறது. 2022 ஜூலை வரையிலான பழைய தொடர் முழுதும் 2.4 பதிப்பில் மறுசெயலாக்கம் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. கோப்புப் பெயரில் தொகுப்பு எண் 03, அதை அடுத்துச் செயலி எண் 0204-இலோ அதற்குப் பிந்தைய எண்ணிலோ தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இதன் பக்கவிளைவு ஒன்று மனதை உறுத்துகிறது. 2021-இல் வந்த விரிவான பன்னிலையச் சரிபார்ப்பு, கீழடுக்குத் தூண் தூய்மையான, சற்றே மாசுபட்ட நிலையங்களில் 23 முதல் 37% வரை குறைவு என்றும், கடும் மாசுள்ள இடங்களில் 51% வரை குறைவு என்றும் காட்டியது. நேர்மையான, கவனமான வேலை. ஆனால் அது 2020 பிப்ரவரி வரையிலான பழைய பதிப்புகளுக்கான எண். இன்றைய கோப்பை எடுத்து அந்தச் சதவீதத்தால் 'திருத்தி' வெளியிடுவது, ஏற்கெனவே ஓரளவு சரிசெய்யப்பட்டதை மீண்டும் ஒரு முறை சரிசெய்வதாகும். எந்த விலகல் எண்ணையும் பதிப்பு எண் இல்லாமல் மேற்கோள் காட்டக் கூடாது.

இனி பிக்சலும் நேரமும். பட்டையின் நடுவில் பிக்சல் 3.5 × 7 கி.மீ. ஆக இருந்தது; 2019 ஆகஸ்ட் 6 முதல் 3.5 × 5.5 கி.மீ. பட்டையின் ஓரத்தில் அகலம் ஏறத்தாழ 14 கி.மீ. வரை விரியும். நிலையம் எந்தப் பிக்சலுக்குள் விழுகிறதோ அதை மட்டும் எடுத்து, பாண்டோராவின் அளவீடுகளைக் கடக்கும் நேரத்துக்கு முன்பின் 30 நிமிடம் சராசரி செய்வது நல்ல தொடக்கம். 20 கி.மீ. ஆரத்துக்குள் உள்ள எல்லாப் பிக்சல்களையும் சராசரி செய்தால் இரைச்சல் குறைந்து சிதறல் படம் அழகாகும். ஆனால் நகர நடுவிலுள்ள நிலையத்துக்குச் சுற்றுப்புறத் தூய காற்றைக் கலந்து கொடுத்திருப்பீர்கள். கிடைக்கும் குறைவு நீர்த்துப்போனதன் குறைவு. நிலையத்தின் ஒரு பக்கம் கடலோ மலையோ இருந்தால் இன்னும் மோசம்.

பாண்டோரா நேர் மேலே பார்ப்பதில்லை, சூரியனை நோக்கிச் சாய்ந்து பார்க்கிறது என்பதும் மறந்துபோகும் ஒன்று. சூரியன் உச்சியிலிருந்து 60° சாய்ந்திருந்தால், 1 கி.மீ. உயரத்தில் அது பார்க்கும் காற்று நிலையத்திலிருந்து 1.7 கி.மீ. தள்ளியிருக்கும், 25 கி.மீ. உயரத்து மீளடுக்குக் காற்று 43 கி.மீ. தள்ளியிருக்கும். கீழடுக்குக்கு இந்த இடைவெளி ஒரு பிக்சலுக்குள் அடங்கும். ஆனால் ஒரு பெரிய புகைபோக்கியோ நெடுஞ்சாலையோ சூரியன் இருக்கும் திசையில் இருந்தால், குளிர்காலத்தில் மட்டும் விலகல் வேறாக இருப்பதன் காரணம் அதுவாக இருக்கலாம்.

செங்குத்துப் பரவல் என்பது இந்தத் தரவின் மையம். ட்ரோபோமி நேரடியாக அளப்பது சாய்தூணைத்தான். அதை நிலைத்தூணாக்கும் வளிநிறைக் காரணிக்கு, வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற முன்னூகம் தேவை. அது டிஎம்5-எம்பி எனும் உலகளாவிய கணினி மாதிரியிலிருந்து வருகிறது. கட்டம் 1° × 1°, 34 அடுக்குகள். 100 கி.மீ. கட்டத்துக்குள் ஒரு நகரத்தின் தரையோர மாசு கரைந்துவிடும். தரைக்கு அருகே வாயு குறைவு என்று மாதிரி நம்பினால் காரணி பெரிதாகி, தூண் சிறிதாகும். நகரங்களில் தெரியும் குறைவுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பதிப்பு மாறியும் முழுதாக நீங்காதது.

நுண்கட்ட வட்டார மாதிரி கைவசம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். முதலில் கோப்பிலுள்ள ஆவரேஜிங் கர்னலை மொத்தக் காரணி ÷ கீழடுக்குக் காரணி என்ற விகிதத்தால் பெருக்கி, ட்ரோபோபாஸ் (கீழடுக்கின் மேல் எல்லை) அடுக்குக்கு மேலே சுழியாக்க வேண்டும். கோப்பிலேயே அடுக்கு எண் இருக்கிறது. பிறகு உங்கள் மாதிரியின் ஒவ்வோர் அடுக்குத் தூணையும் அந்தக் கர்னலால் பெருக்கிக் கூட்டி, பெருக்காத கூட்டுத்தொகையால் வகுங்கள். அந்த விகிதத்தால் கீழடுக்குக் காரணியைப் பெருக்கினால் புதிய காரணி வரும். இங்கே தவறுவது மூன்று இடங்களில். விகிதத்தால் பெருக்காமல் மொத்தக் கர்னலையே பயன்படுத்துவது ஒன்று. கலவை விகிதத்தை (காற்றில் வாயுவின் பங்கு) அடுக்குத் தூணாக மாற்றாமல் போடுவது இன்னொன்று. மூன்றாவது, இரண்டு மாதிரிகளின் தரை அழுத்தமும் வேறு என்பதைக் கவனிக்காமல் அடுக்குகளை இணைப்பது; மலைப்பாங்கான இடத்தில் இது மட்டுமே விடையைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் பாண்டோராவை உண்மை என்று வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம், சில சோதனைகளுக்குப் பிறகு. அதன் நைட்ரஜன் டைஆக்சைடு நுண்மை (அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.01 டாப்சன், ஆனால் துல்லியம் (உண்மை மதிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு) 0.1 டாப்சன்தான். அந்த 0.1 என்பது 2.7 × 10¹⁵, அதாவது ஒரு மீளடுக்குத் தூணுக்கு நிகர். இது பெரும்பாலும் குறிப்பு நிறமாலையிலிருந்து வருகிறது. கருவி தன் சொந்த நிறமாலை ஒன்றைக் குறிப்பாக வைத்து மற்றதை அளக்கிறது. அந்தக் குறிப்பிலேயே எவ்வளவு வாயு இருந்தது என்பதைப் பல நாள் அளவீடுகளின் அடிவிளிம்பை லாங்லி முறையில், அதாவது வளிநிறைக் காரணிக்கு எதிராக வரைந்த கோட்டைச் சுழி வரை நீட்டி, கணிக்கிறார்கள். நாள் முழுதும் மாறாத தூய பின்னணி அவ்வப்போதாவது வாய்க்க வேண்டும் என்பது இம்முறையின் நிபந்தனை. எப்போதும் மாசாக இருக்கும் நகரில் அது வாய்ப்பதில்லை.

பிழையைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. குறிப்பில் உள்ள பிழை சாய்தூணில் மாறிலியாக உட்காரும். நிலைத்தூணாக்கும்போது வளிநிறைக் காரணியால் வகுபடும். காரணி 4 இருக்கும் காலையில் 0.1 டாப்சன் பிழை 0.025 ஆகச் சுருங்கும். நண்பகலில் காரணி 1-ஐ நெருங்கும்போது முழுதாக நிற்கும். வார இறுதி, பலத்த காற்று, மழைக்குப் பின் என்று தூய நாட்களைப் பொறுக்கி, நாள்நேரத்துக்கு எதிராகத் தூணை வரையுங்கள். சூரிய உயரத்தோடு ஒட்டி நடுவில் மேடோ பள்ளமோ எல்லா நாளும் வந்தால் சந்தேகப்படுங்கள். ட்ரோபோமி கடப்பது பிற்பகல் 1:30-க்கு, அதாவது இந்தப் பிழை ஏறத்தாழ முழு அளவில் நிற்கும் நேரத்தில்.

பாண்டோராவின் தரக் குறியீட்டில் 0, 1, 10, 11 ஆகியவற்றை எடுக்கிறோம். 10-இல் தொடங்குபவை இன்னும் உறுதிசெய்யப்படாதவை, எனவே பின்னாளில் மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும். 20-களைத் தொடுவதில்லை. முகப்புக் கண்ணாடியில் தூசு, பனித்துளி, சூரியத் தடங்காட்டியின் மட்டம் சரிந்திருத்தல் ஆகியவை ஒளி அளவைக் குறைத்து முதலில் எச்சக் கோட்டில் (அளந்த நிறமாலையில் கணக்கு விளக்காமல் விட்ட மிச்சம்) தெரியும். ஃபார்மால்டிஹைடுக்கும் அதே பாண்டோராவை நம்புபவர்கள் கருவித் தலையின் தயாரிப்புக் காலத்தைப் பார்க்க வேண்டும். பழைய தலைகளிலிருந்த டெல்ரின் பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் ஃபார்மால்டிஹைடையே வெளிவிட்டு, உள்ளிருந்தே அளவைக் கூட்டின. பின்னர் அவை மாற்றப்பட்டன.

புள்ளிவிவரத்தில் ஒன்றே ஒன்று: சாதாரண மீச்சிறு வர்க்கக் கோட்டின் சரிவை விலகல் என்று எழுத வேண்டாம். இரு அச்சிலும் இரைச்சல் இருக்கும்போது அது தானாகவே 1-க்குக் கீழே இறங்கும். இடைநிலை வேறுபாட்டைத் தூண் அளவின் வகுப்புவாரியாகக் கொடுங்கள். மொத்தத் தூண் ஒப்பீட்டில் தூய இடத்தில் சற்றே மிகையும் மாசு மிகுந்த இடத்தில் குறைவுமாக வருவது வழக்கம், ஒற்றைச் சராசரியில் அது மறைந்துபோகும்.

கருவியின் முதுமை பற்றிக் கேட்பவர்களுக்கு: சூரிய ஒளியை 15 சுற்றுக்கு ஒரு முறை டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் தகடு) வழியே அளக்கிறார்கள். அரிதாகவே திறக்கப்படும் இரண்டாவது டிஃப்யூசர், முதலாவது எவ்வளவு கருத்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். நிறமாலை முழுதும் மெதுவாக மாறும் தேய்மானத்தை நைட்ரஜன் டைஆக்சைடு கணக்கின் பல்லுறுப்புக்கோவையே பெரிதும் விழுங்கிவிடுகிறது. ட்ரோபோமிக்கு முந்தைய ஓஎம்ஐ கருவியை 2007 ஜூனிலிருந்து வாட்டிய வரிசைக் கோளாறு (உணரியின் சில பிக்சல் வரிசைகள் பயனற்றுப் போவது) போன்ற ஒன்று இங்கே நிகழவில்லை.

ஜெம்ஸ், டெம்போ போன்று, ஒரே பகுதியை நாள் முழுதும் பார்த்து நிற்கும் புவிநிலைக் கருவிகளின் மணிவாரித் தரவுக்கு இந்த நடைமுறை அப்படியே போதாது. அங்கே ஒப்பிடுவது நாள்நேர மாற்றத்தையே. குறிப்பு நிறமாலைப் பிழை தரும் நண்பகல் மேடு, கவனிக்காவிட்டால், செயற்கைக்கோளின் நாள்நேரப் பிழையாகவே பதிவாகிவிடும். மணிவாரி ஒப்பீட்டைத் தொடங்குமுன் ஒவ்வொரு நிலையத்துக்கும் மேற்சொன்ன தூய நாள் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.