பழைய ஆம்னிக்கு ஆயில், கூலன்ட், பெல்ட்: வீட்டு வாசலா, மெக்கானிக் ஷெட்டா, கம்பெனி சர்வீஸா?

காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிக் கூடையும் மாங்காய்ப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மாருதி ஆம்னி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதிலும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய மாடல் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் என்று வந்தால் யோசிக்கத்தான் செய்கிறார்கள். நாமே செய்துகொள்ளலாமா, ரோட்டோர ஷெட்டில் விடலாமா, கம்பெனிக்குக் கொண்டுபோகலாமா?

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். வீட்டில் செய்தால் மிச்சம் என்பது முதல் தடவைக்குப் பொருந்தாது. நல்ல ஸ்பேனர் செட், இரண்டு ஜாக் ஸ்டாண்டு, ஃபில்டர் ரெஞ்ச், ஆயில் பிடிக்கும் டிரே வாங்குவதற்குள் மிச்சமாகும் லேபர் காசு போய்விடும். பல ஆயில் மாற்றுக்குப் பிறகுதான் கணக்கு நம் பக்கம் திரும்பும். ஆகவே காசுக்காக மட்டும் என்றால் வேண்டாம். எஞ்சினுக்குள் என்ன போகிறது, உள்ளிருந்து என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் வீட்டு வாசல்.

ஆயில் மாற்றும்போது இதன் அருமை புரியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால் உள்ளே ஈரம் சேர்கிறது. தினமும் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் ஆவியாக இருக்கலாம். ஆனால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் பிளாக்குக்கும் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டு எடுத்தால் இரும்புத் தூள் ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். நாலு வண்டி வரிசையில் நிற்கும் ஷெட்டில் இதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்?

ஃபில்டர் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதன்மேல் புதிய ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்ததுமே ஆயில் பீய்ச்சி அடிக்கும். விரலால் தடவிப் பார்த்து, புது வளையத்தில் துளி ஆயில் தேய்த்து, கையாலேயே இறுக்கினால் போதும். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். மூன்று லிட்டருக்குள் அடங்கும் ஆயில் இது, அளவை டிப்ஸ்டிக் சொல்லும். நிறைந்த பிறகும் மேலே மேலே ஊற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: வண்டியோடு வந்த ஜாக்கை மட்டும் நம்பி ஆம்னிக்கு அடியில் படுக்கவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியான பலகை போடுங்கள். இந்த வசதி இல்லாத வாசலில் ஆயில் வேலையே வேண்டாம்.

வசதி இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பலருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மேனுவலில் போட்ட கிரேடு ஆயிலையும் ஃபில்டரையும் நாமே வாங்கிப்போய், ஷெட்டில் பக்கத்தில் நின்று மாற்றச் சொல்வது. பேரலிலிருந்து ஊற்றும் லூஸ் ஆயில் பிரச்சினை இல்லை, ஃபில்டரை மாற்றினாரா என்ற சந்தேகமும் இல்லை. காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அதில் மறுபடி எதையோ நிரப்பி விற்க முடியாது.

ஏர் ஃபில்டரும் பிளக்கும் வீட்டு வேலைதான், இதில் விவாதமே இல்லை. முன்சீட்டைத் தூக்கினால் கைக்கு எட்டுகிறது. கிரானைட் குவாரி லாரி போகும் பாதையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு மேனுவல் சொல்லும் கெடுவுக்கு முன்பே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்கு ஓடுவானேன்?

கூலன்ட்டில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல். போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் எதிரி. ரேடியேட்டருக்கு எதிரி உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சூடேறச் சூடேற அவை குழாய்களின் உள்ளே படிந்து வழியை அடைக்கும். சூளகிரி தாண்டி ஓசூருக்கு லோடோடு ஏறும்போதோ, சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதோ டெம்பரேச்சர் முள் மேலே போவதற்கு இது ஒரு காரணம். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்துபோகக்கூடும். பிறகு வருவது பெரிய செலவு.

ஒகேனக்கல் தண்ணீரும் இதற்கு ஆகாது. ரெடிமிக்ஸ் கூலன்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்துகொள்ளுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, பழையதை வடித்து, நிரப்பி, மூடி திறந்தபடியே கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குமிழி நின்றதும் மூட வேண்டும். ஷெட்டில் அவசரத்தில் விடுபடுவது இந்தக் காற்று வெளியேற்றும் வேலைதான். நாமே செய்தால் நிதானமாகச் செய்யலாம்.

கார்புரேட்டர் டியூனிங், டாப்பெட், டைமிங் பெல்ட் மூன்றும் மெக்கானிக்கிடம்தான். டாப்பெட்டில், அதாவது வால்வை அழுத்தும் பாகத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வாங்கிவிடலாம், அதைப் பிடித்து இழுக்கும்போது கையில் தெரிய வேண்டிய பிடிமானம் கடையில் விற்காது. வால்வு திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் பெல்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. பத்து வருஷம் பழகிய ஷெட்காரர் எஞ்சின் ஓடும் சத்தத்திலேயே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் உண்டு. குறைவாக ஓடிய வண்டி என்று விட்டுவிட வேண்டாம்.

கம்பெனி சர்வீஸ் எங்கே வருகிறது? இந்த வண்டிக்கு, என் கணக்கில், பார்ட்ஸ் கவுன்டரோடு சரி. ஸ்கேனரை மாட்டிக் குறையைப் படிக்கும் வேலை கார்புரேட்டர் எஞ்சினில் நடக்காது. ஆனால் ஒரிஜினல் ஃபில்டர், பெல்ட், வாட்டர் பம்ப் வாங்க அதைவிட நம்பிக்கையான இடம் இல்லை. கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி என்றால் சென்சார் கோளாறுக்கு அங்கே போவதில் அர்த்தம் இருக்கிறது.

வடித்த பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறேன், கரையானுக்கு ஊற்றுகிறேன் என்று மண்ணில் விடாதீர்கள். மழையோடு கிணற்றுக்குத்தான் போகும். கேனில் அடைத்து அந்த மெக்கானிக் ஷெட் பேரலிலேயே ஊற்றிவிடுங்கள். பழைய ஆயில் எடுப்பவர்கள் அங்கே வந்து வாங்கிப்போவார்கள்.