பார்கின்சன் கைக்கு எது நல்லது: ஒண்டையே திருப்பிச் செய்யிறதோ, மாத்தி மாத்திச் செய்யிறதோ?

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் பார்கின்சன் (கை நடுங்கி, அசைவு மெதுவாகிற மூளை வருத்தம்) ஆக்கள் இருக்கிற வீடுகளில இந்தக் கேள்வி அடிக்கடி வரும், சேட் பட்டன் போடுறதை மட்டும் இருவது தரம் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்லுறதோ, இல்லாட்டி பட்டன், பேனை, கரண்டி எண்டு மாத்தி மாத்திக் குடுக்கிறதோ எண்டு.

இந்த வருத்தம் வந்தா இனி ஒண்டும் பழக ஏலாது எண்டு கனபேர் நினைக்கினம், அது பிழை. பழகலாம், மெதுவாத்தான் வரும். மூளையில அசைவுக்கு உதவுற டோபமின் எண்ட வேதிப்பொருள் குறைய, யோசிக்காமலே தன்பாட்டில நடந்த வேலையள்தான் முதல்ல அடிவாங்கும், பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் கவனம் குடுக்கவேணும்.

சுகமா இருக்கிற ஆக்களுக்குப் பொதுவா மாத்தி மாத்திச் செய்யிற கலவைதான் திறம், பழகேக்க தடுமாறினாலும் பிறகு நல்லா நிக்கும். பார்கின்சன்ல இது அப்பிடியே பொருந்தாது, ஒரு வேலையில இருந்து இன்னொண்டுக்கு மாறுறதே அவைக்குப் பெரிய பாரம், சில ஆய்வுகளில ஒண்டையே திருப்பிச் செய்த ஆக்களுக்குத்தான் கூட நிண்டிருக்கு. அதால தொடக்கத்துக்கு என்ர வோட்டு ஒரே பயிற்சிக்குத்தான். ஆனா அதிலயே நிண்டிடக் கூடாது, வீட்டுக் கதிரையில இருந்து ஒரு சேட்டில பழகின கை, கலியாண வீட்டுக்கு வெளிக்கிடேக்க புதுச் சேட்டில திணறும். கை பிடிபட்டாப் பிறகு சேட்டை மாத்துங்கோ, நிண்டுகொண்டு போடச் சொல்லுங்கோ.

எழுத்துக்கு வேற கதை. வரியின்ர தொடக்கத்தில பெருசா வாற எழுத்து முடிவில எறும்பு மாதிரிச் சுருங்கிப் போகும், அதே ஆளிட்ட சிங்கிள் ரூல் கொப்பியைக் குடுத்து ரெண்டு கோட்டையும் முட்டி எழுதச் சொன்னா அந்த நிமிசமே எழுத்து பெருக்கும், கோடில்லாத தாளுக்கு வந்தா திரும்பச் சுருங்கவும் பாக்கும், அதால கோட்டை ஒரேயடியா எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுங்கோ.

எல்எஸ்விடி பிக் (LSVT BIG) எண்டு பார்கின்சன் ஆக்களுக்கான பயிற்சித் திட்டம் ஒண்டு இருக்கு, கிழமைக்கு 4 நாள், 4 கிழமை, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், எல்லா அசைவையும் பெருசாச் செய்யப் பழக்கிறது. நல்லதுதான், ஆனா அதுக்கெண்டு பயிற்சி எடுத்த பிசியோவோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ வேணும், காலி வீதி டிராபிக்குக்குள்ள கூட்டிக்கொண்டு போய்வர ஆளும் வேணும்.

எதைச் செய்தாலும் குளிசை வேலை செய்யிற நேரத்தில செய்யுங்கோ, டிவியை நிப்பாட்டுங்கோ, பக்கத்தில இருந்து கதை குடுக்காதேங்கோ. சரிவருதோ எண்டு பாக்கிறதெண்டா அடுத்த நாள் அதே நேரம் முதல் தரம் போடேக்க பாருங்கோ, பயிற்சி முடிஞ்ச கையோட வாற வேகத்தை நம்பேலாது.