வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நிறக் கண்ணாடி விற்க வருகிறார்கள், காசைக் கொடுத்துவிடாதீர்கள்

நேற்றுப் பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று எங்கள் ஒழுங்கையால் போனது. "உங்கள் பிள்ளை வாசிக்கக் கஷ்டப்படுகிறதா? பொது நோக்கு மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை." மாசி மாதம் கேட்ட அதே குரல், அதே அறிவிப்பு. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். மாங்குளம், மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

என் மகன் தரம் 4 படிக்கிறான். குளத்தில் எந்த மீன் எந்தக் காலத்தில் பிடிபடும், எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று எல்லாம் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். சொல்வதெழுதுதலில் "தம்பி" என்பதைத் "தபி" என்று எழுதுவான். "கொடி" என்பதைக் "கெடி" என்று வாசிப்பான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. எனக்கு நித்திரை இல்லை.

மாசியில் நடந்த அந்தக் கண் பரிசோதனை முகாமுக்கு நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கருவிக்குள் பார்க்கச் சொன்னார்கள். பிறகு புத்தகத்தின் மேல் நிறத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து, "எழுத்து ஆடுகிறதா தம்பி? இப்போது ஆடவில்லைத்தானே?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் அப்படிக் கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? ஓம் என்றான். "கண் நரம்பு பலவீனம். யுத்த நேரம் இடம்பெயர்ந்து பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும்" என்றார் வந்தவர். 2009இல் எனக்குப் பதினான்கு வயது. முள்ளிவாய்க்காலால் வந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவள் நான். அந்த ஒரு சொல்லோடு என் வாய் அடைத்துப்போனது. பிள்ளையின் குறைக்கு நான்தான் காரணம் என்று நம்பிவிட்டேன். எங்கே தொட்டால் வன்னித் தாய் உடைவாள் என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

நீலக் கண்ணாடிக்கு 38,000 ரூபா, கண் பயிற்சிக்கு 15,000 ரூபா. காலபோக நெல் விற்ற காசில் 20,000 முற்பணம் கட்டினோம், மிச்சத்தை இரண்டு தவணையில் கொடுத்தோம். எத்தனை பவர் என்று எழுதிய துண்டும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

முதல் மாத முடிவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை முழுவதும் வாசித்தான். நான் அழுதுவிட்டேன். வந்தவர்கள் அதை வீடியோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. அக்கா சத்தமாகப் படிப்பதைக் கேட்டுப் பக்கம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது, போட்டுக்கொண்டு படி" என்று ஏசினேன். அவன் கண்ணாடியை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அதற்கும் அடி வாங்கினான்.

வைகாசியில் அவனுடைய வகுப்பு ரீச்சர் சொல்லித்தான் அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போனோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தோம். ஆனால் ஒரு சதமும் செலவில்லை. கண்ணுக்கு மருந்து விட்டுச் சோதித்தார்கள். பிள்ளைகள் கண்ணை இறுக்கிச் சமாளித்துப் பார்த்துவிடுவார்களாம், மருந்து விட்டால்தான் உள்ள பவர் சரியாகத் தெரியுமாம். இரண்டு கண்ணும் 6/6, பார்வையில் குறையே இல்லை. நாங்கள் வாங்கிய கண்ணாடியையும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். பவரே இல்லை, வெறும் நிறக் கண்ணாடி.

டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பார்வைக் குறை இருந்தாலும் படிப்புக் கெடும் என்பது உண்மைதான். கிட்டப்பார்வைப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. தூரப்பார்வை உள்ள பிள்ளைக்கு வாசிக்கும்போது தலையிடிக்கும், கண் களைக்கும். அதற்குச் சரியான கண்ணாடி போட்டால் போதும். என் அண்ணாவின் மகளுக்கு அப்படித்தான் சரிவந்தது. ஆகவே முதலில் கண்ணைச் சோதியுங்கள், அதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆனால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு வேறு. எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அந்த எழுத்தையும் அதன் சத்தத்தையும் மூளை பொருத்துவதில்தான் சிக்கல். 1896இலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், நல்ல பார்வையும் நல்ல புத்தியும் இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். 2009இல் அமெரிக்கச் சிறுவர் வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் சேர்ந்து விட்ட அறிக்கையில், இந்தக் குறைபாட்டுக்கு நிறக் கண்ணாடியோ கண் பயிற்சியோ உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்பாத குறை ஒன்று இருக்கிறது. பயிற்சி உதவுவது அதற்குத்தான்.

எனக்கு முழுவதும் வெளித்தது விசேட கல்வி ரீச்சரின் மேசையில்தான். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு அவரைக் கண்டுபிடித்தோம். மகனைக் கண்ணை மூடச் சொன்னார். "மரம் என்ற சொல்லில் 'ம'வை எடுத்தால் மிச்சம் என்ன?" நெடுநேரம் யோசித்தான். வரவில்லை. "படம், கடல், பல்லி. இதில் எந்த இரண்டு ஒரே சத்தத்தில் தொடங்குகிறது?" அதுவும் வரவில்லை. "அம்மா, பாருங்கோ, கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறார். இதற்குக் கண்ணாடி என்ன செய்யும்?" என்றார். நான் மகனின் தலையைத் தடவியபடி பேசாமல் இருந்தேன்.

நம் எழுத்திலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பொறிகள் இருக்கின்றன. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் சத்தத்தில் 'க்' முதலில் வருகிறது. "கொ" என்றால் இரண்டு பக்கமும் சுற்றி வளைத்து எழுத வேண்டும். படத்தில் வரும் 'ப' வேறு சத்தம், தம்பியில் வரும் 'ப' வேறு சத்தம். இப்போது ரீச்சர் சத்தத்தைக் கைதட்டிப் பிரித்து, மணலில் எழுதி, ஒரு கிழமைக்கு மூன்று நான்கு எழுத்து என்று மெதுவாகக் கொண்டுபோகிறார். நாளுக்கு இருபது நிமிடம் நானும் வீட்டில் செய்கிறேன். மாற்றம் சின்னதுதான், ஆனால் பாடமாக்காமல் வாசிக்கிறான்.

போன காசை நெல் விளைந்தால் பிடிக்கலாம். தரம் 4இல் போன அந்த மூன்று மாதம்தான் என்னைத் தின்கிறது.

முகாமுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், அங்கே காசு மட்டும் கட்டாதீர்கள். பவர் எழுதிய துண்டைக் கேளுங்கள். தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். முற்பணம் கட்டியவர்கள் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப்பில் வந்த செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். நானும் முறையிட்டிருக்கிறேன். கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் சொல்வதெழுதுதல் கொப்பியையும் கொண்டுபோங்கள், டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.