ஜே.ஆர்.டி. டாட்டா கையெழுத்துப் போட்ட கடிதம் விற்கிறார்கள், உஷார்!

புதுச்சேரியில் பழைய நாணயம், ஸ்டாம்ப், கடிதம் சேர்க்கிறவர்கள் கொஞ்சம் கவனம். பெரிய தொழிலதிபர்கள் கையெழுத்திட்ட கடிதம் என்று சொல்லி ஒருவர் காசு பார்த்துக்கொண்டிருக்கிறார். கடை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் பேச்சுக் கொடுப்பார், அப்புறம் வாட்ஸ்அப்பில் படம் வரும். ஜே.ஆர்.டி. டாட்டா கடிதம் என்று என்னிடம் 9,500 ரூபாய் வாங்கினார்.

பார்வைக்குக் குறையே இல்லை. பழுப்பேறிய தாள், 1968-ஆம் வருடத் தேதி, டைப் அடித்த நாலு வரி வாழ்த்து, கீழே நீல மையில் கையெழுத்து. கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்பக்கம் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தது. “பிரிச்சிடாதீங்க சார், பிரிச்சா சர்டிபிகேட் செல்லாது” என்றார். அந்தச் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரேதான்!

வீட்டில் வைத்து நிதானமாகப் படித்தபோது உறுத்தியது முகவரி. டாட்டா குழுமத்தின் தலைமை அலுவலகமான பாம்பே ஹவுஸ், அதுவரை சரி. அடுத்து ‘பம்பாய் 400 001’ என்று அச்சாகியிருந்தது. நம் நாட்டில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல்தான். 1968 கடிதத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

சட்டத்தைப் பிரித்தேன். டைப்ரைட்டரில் அடித்தால் எழுத்து தாளில் அழுந்தும், முற்றுப்புள்ளி சில சமயம் ஓட்டையே போட்டுவிடும். பின்பக்கம் விரலால் தடவினால் அந்த மேடு தட்டுப்படும். இதுவோ வழவழவென்று இருந்தது. ஸ்டாம்ப் பார்க்கிற லென்ஸை வைத்தால் கையெழுத்துக் கோடு முழுக்க வண்ணப் புள்ளிகள். பிரிண்டரில் எடுத்தது. பழுப்பு நிறமும் டீத்தண்ணீர் வேலை போல. மடிப்பில் மட்டும் திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தது.

கடிதம் நிஜமானதாகவே இருந்தாலும், கையெழுத்து அவருடையதுதானா என்பது தனிக் கேள்வி. பெரிய மனிதர்களுக்காக உதவியாளர்கள் போடுவதுண்டு, ஆட்டோபென் என்கிற எந்திரம் போடுவதும் உண்டு. இரண்டு கடிதங்களில் கையெழுத்து ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தினால் அது எந்திரத்தின் வேலை. மனுசன் கை அப்படிப் போடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “நான் வித்தது பிரேம்தானே, பில்லப் பாருங்க” என்றார். பார்த்தால், ‘போட்டோ பிரேம் - 1’ என்றுதான் எழுதியிருக்கிறது. என்ன தெளிவு பாருங்கள்! வாங்குவதாக இருந்தால் ‘அசல் கையெழுத்துடன் கூடிய கடிதம்’ என்று, யார் கையெழுத்து, என்ன தேதி என்பதோடு பில்லில் எழுதி வாங்குங்கள். சட்டம் போடாத தாளையே காட்டச் சொல்லுங்கள்.

நல்லவேளை, ‘ஒரிஜினல் சைன்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால், அவர் அனுப்பிய படங்களையும் செய்திகளையும் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். இப்போது ஜி.டி. பிர்லா கடிதம் ஒன்றையும் காட்டிக்கொண்டிருக்கிறாராம்.