ஒரு வாயா, ஒரு கிளாஸா? இரண்டு வகை பீர் திருவிழாக்கள்

சிறு ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் கிராஃப்ட் பீரின் திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பீர் இருக்கும்?" என்பதுதான். அதைவிட உருப்படியான கேள்விகள் வேறு இரண்டு உண்டு. ஒரு தடவைக்கு எவ்வளவு ஊற்றுவார்கள்? அதற்குக் காசு எப்படி வாங்குவார்கள்? இவை தெரிந்தால் வரிசை எப்படி இருக்கும், கூட்டம் எப்படி நடந்துகொள்ளும், மறுநாள் காலையில் தலை எப்படி இருக்கும் என்பதுவரை ஊகித்துவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டு மரபுகள் நேர் எதிராக நிற்கின்றன. ஒன்று, அமெரிக்காவின் டென்வரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல். மற்றது, பிரிட்டனில் காம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பு நடத்தும் விழாக்கள்.

டென்வர் விழாவை சார்லி பபாசியன் 1982-இல் போல்டர் நகரில் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அது டென்வருக்கு இடம் மாறியது. டிக்கெட்டுக்கு ஒரு முறை காசு கட்டினால் போதும், உள்ளே போன பிறகு பீருக்காகப் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. சில மணி நேரம் நீளும் ஒரு அமர்வில் யாரிடம் வேண்டுமானாலும் கிளாஸை நீட்டலாம். ஆனால் ஊற்றுவது ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லி. இரண்டு மடக்குக்கு வரும், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன அளவுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புளிப்பு பீர், மிளகாய் போட்ட பீர், மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் என்று எதையும் தயங்காமல் வாங்கிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா? பக்கத்திலிருக்கும் வாளியில் ஊற்றிவிட்டு, ஜாடித் தண்ணீரில் கிளாஸை அலசிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகரலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப் பேர் கழுத்தில் பிரெட்சல் என்ற மொறுமொறு உப்பு பிஸ்கட்டைக் கோத்த மாலை தொங்கும். வேடிக்கைக்குப் போட்டதுபோலத் தெரியும், ஆனால் வரிசையை விட்டு நகராமல் கொறிக்கவும், ஒரு பீரின் ருசியைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவும் அதைவிட வசதி இல்லை. எங்கேயாவது ஒரு கிளாஸ் கைதவறி விழுந்தால் அரங்கம் முழுக்க "ஓ...!" என்று கத்தும். அந்தச் சத்தத்தை விரும்பாதவர்கள் டென்வர் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

குறையும் அந்த 30 மில்லியில்தான் இருக்கிறது. இரண்டு மடக்கில் ஜெயிப்பது சத்தம் போடும் பீர்தான்: அதிக இனிப்பு, அதிக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), அதிக போதை. நான்கு சதவீத ஆல்கஹாலோடு நிதானமாக ருசி காட்டும் பீருக்கு அங்கே வாயைத் திறக்கவே நேரம் கிடைக்காது. விழாவை ஒட்டி நடக்கும் போட்டியிலேயே இந்தச் சாய்வு தெரிகிறது. 2018-இல் மங்கலான, பழச்சாறு வாசமடிக்கும் ஹேஸி ஐபிஏ-வுக்கு (ஐபிஏ என்பது ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) தனிப் பிரிவு வந்தது. வந்த வருடமே அதிகப் போட்டியாளர்கள் குவிந்தது அதில்தான்.

அப்புறம், "கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குடித்தேன்" என்ற கணக்கு. முப்பது சாம்பிள் என்றால் 900 மில்லி. அங்கே நம்மை இழுப்பதெல்லாம் கனமான பீர்கள், சராசரி எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான ஆல்கஹால் மட்டும் 72 மில்லி உள்ளே போயிருக்கும். கட்டணம் ஏற்கெனவே கட்டிவிட்டதால் "இன்னொன்று குடித்தால் என்ன" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். எண்ணி நிறுத்தச் சொல்ல அங்கே ஆளில்லை.

பிரிட்டனுக்கு வருவோம். பெரிய கம்பெனிகள் வாயு ஏற்றிய கெக் பீரைத் திணித்ததை எதிர்த்து 1971-இல் பிறந்த அமைப்பு காம்ரா. அதன் பெரிய விழாவான கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல் 1977-இல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் தொடங்கியது. ஊற்றித் தருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நுழைவுக்குத் தனிக் காசு, கிளாஸுக்கு முன்பணம், குடிக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பைன்ட் என்றால் 568 மில்லி, அரை பைன்ட் 284, மூன்றில் ஒன்று 189. கிளாஸிலேயே இந்த அளவுகளுக்குக் கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே ஊற்றினால் நிறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள்!

ஒவ்வொரு கிளாஸுக்கும் காசு போவதால் யோசித்துத்தான் வாங்குவோம். நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டி, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து குடிப்போம். மூன்றில் ஒரு பைன்ட் ஐந்து குடித்தால் சுமார் 945 மில்லி, டென்வரின் முப்பது சாம்பிளைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் நான்கு சதவீத பிட்டர் (பிரிட்டனின் வழக்கமான பீர் வகை) என்றால் ஆல்கஹால் 38 மில்லிதான், ஏறக்குறைய பாதி. அதோடு ஐந்து பீரைப் பற்றியும் மறுநாள் பேச முடியும்.

இங்கே மையம் கேஸ்க் பீர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், அங்கேயே இரண்டாம் முறை நொதிக்கும். அதனால் விழாவுக்கு முன்பே கொண்டுவந்து கிடத்தி, வண்டல் அடியில் படியவிட வேண்டும். பரிமாற ஏற்ற வெப்பம் 11 முதல் 13 டிகிரி. ஐஸ் குளிர்ச்சியில் லேகர் என்ற இலேசான பீரைக் குடித்துப் பழகியவர் முதல் மடக்கில், "என்ன, சூடாக இருக்கிறதே" என்பார். மூன்றாவது மடக்கில்தான் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட் வாசம் தெரியும். மூன்றாவது மடக்கு டென்வரில் இல்லவே இல்லை என்பதுதான் என் வாதம். கேஸ்கில் ஒரு தொல்லையும் உண்டு. திறந்த பீப்பாய் சில நாள்தான் தாங்கும், எனவே அளவாகவே கொண்டுவருவார்கள். கடைசி நாள் மாலையில் போனால் பேர்போன பெயர்கள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

நடுவழியாக டோக்கன் முறை இருக்கிறது. பெல்ஜியத்தின் ஸைதோஸ் விழா அப்படித்தான். டோக்கனை வாங்கி, சின்ன கிளாஸில் ஒவ்வொன்றாகச் செலவழிக்க வேண்டும். கையில் மிச்சமிருக்கும் டோக்கன்கள், எவ்வளவு குடித்தோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். அங்கே எட்டு, ஒன்பது சதவீத பீர்கள் சர்வசாதாரணம் என்பதால் இந்தக் கணக்கு தேவையும்கூட.

சரி, எதற்குப் போவது? கிராஃப்ட் பீரில் தனக்கு எந்த வகை பிடிக்கும் என்றே தெரியாதவர் டென்வர் முறைக்குப் போகட்டும். அவ்வளவு வகைகளை ஒரே மாலையில் வேறெங்கும் தொட முடியாது. போகும்போது ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். லேகரில் தொடங்கி, ஐபிஏ-வையும் ஸ்டவுட்டையும் கடைசிக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்தில் நாக்கு மரத்துவிடும். பதக்கம் வாங்கிய பீர்தான் வேண்டும் என்று அலைந்தால் நேரமெல்லாம் வரிசையிலேயே போய்விடும். கூட்டமில்லாத சிறிய மேஜைகளில்தான் பீரைப் பற்றிப் பேசக்கூட ஆள் கிடைப்பார்கள்.

தன் ருசி தெரிந்தவருக்கு நான் சொல்வது பிரிட்டிஷ் முறை. அதற்காக அந்தப் பெரிய விழாவையே நம்பியிருக்க வேண்டாம். அது 2024-இல் நடக்கவில்லை, 2025-இல் லண்டனை விட்டு பர்மிங்காமுக்குப் போனது. காம்ராவின் உள்ளூர்க் கிளைகள் நடத்தும் விழாக்களே போதும். 1974-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் விழா அவற்றில் ஒன்று, மே மாதத்தில் ஜீசஸ் கிரீன் புல்வெளியில் கூடாரம் போட்டு நடக்கும். வார நாளில் மதியமே போய்விடுங்கள். பீப்பாய்களும் நிறைந்திருக்கும், உட்காரவும் இடம் கிடைக்கும்.