ஏற்காடு மலைக் கிராமங்களில் ஓஆர்எஸ் வகுப்பு: ஐந்துக்கு மூன்று

நாகலூர் பக்கம் நடமாடும் மருத்துவக் குழு நடத்தும் வயிற்றுப்போக்கு வகுப்பில் செய்முறைதான் பலம். ஓஆர்எஸ் (போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூள்) ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். டம்ளரில் கண்மதிப்பாகக் கலக்கினால் உப்பு கூடி, போக்கும் கூடும். அதனால் லிட்டர் பாட்டிலில் அளந்தே காட்டுகிறார்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடரலாம்.

சறுக்குவது வேறிடத்தில். குழந்தைக்கு ஓயாமல் போனால் உரம் விழுந்தது, தோஷம் என்று பாட்டிமாரிடம்தான் முதலில் தூக்கிப் போவார்கள். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலும் உச்சிக்குழி (குழந்தையின் தலை உச்சியில் உள்ள மென்மையான இடம்) இறங்குவதையே தனி நோயாக எண்ணிப் பாரம்பரிய வைத்தியரிடம் காட்டும் வழக்கம் உண்டு. உண்மையில் அது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். இங்கே பாட்டிமாரைப் பழித்தால் வகுப்பே காலி. அவர்கள் கையிலேயே நாலு பொட்டலம் கொடுத்து வைப்பதுதான் புத்தி. இந்தக் குழு அவர்களைக் கூப்பிடவே இல்லை.

காப்பிப் பழம் பறிக்கும் மாதத்தில் காலை 11 மணிக்கு வகுப்பாம்! யார் வருவார்? மாலை ஆறுக்கு மேல் வையுங்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் போக்கு நின்றாலும் 14 நாள் தர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்துபவர்களே அதிகம்.