சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கத்தாலா, இரத்தினபுரிப் பக்கத்தாலா?

இந்தப் பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக மலையேறும் கழகம் சிவனொளிபாதமலைக்குப் போவது உறுதியாகிவிட்டது. எந்தப் பக்கத்தால் ஏறுவது என்பதில்தான் இழுபறி. ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய் ஏறலாம் என்று பாதிப் பேர். இரத்தினபுரிக்குப் போய்ப் பலாபத்தலவிலிருந்து ஏறலாம் என்று மீதிப் பேர். நான் இரண்டு பக்கத்தாலும் ஏறியிருக்கிறேன்: நல்லதண்ணியால் மூன்று முறை, பலாபத்தலவால் ஒருமுறை. என் வாக்கு நல்லதண்ணிக்கு. கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது, சொல்ல வந்ததை முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரம் 2,243 மீட்டர். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல, அது 2,524 மீட்டர் உள்ள பிதுருதலாகல. யாத்திரைப் பருவம் மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். மேலே போக ஆறு பாதைகள் உண்டு என்பார்கள், அவற்றில் கூட்டம் அதிகம் போவது நல்லதண்ணிப் பாதையால். கண்டியிலிருந்து போகும் எங்களுக்கு ஹட்டன் கிட்ட, இரத்தினபுரி தூரம். செலவும் அதற்கேற்ப. இதெல்லாம் சின்ன வித்தியாசங்கள், இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

நல்லதண்ணிக்கு எதிராகக் கூட்டத்தில் வந்த முதல் வாதம், "அது மலையேற்றம் இல்லை, படியேற்றம்" என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர், 5,500 படி என்பது அந்தப் பாதையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கணக்கு. தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் கொஞ்ச நேரம் சமமாக நடப்போம், ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய சமாதானத் தூபியைக் கடப்போம், சீத்தகங்குல ஓடையில் முகம் கழுவுவோம். அதற்கப்புறம் படிதான். கடைசிப் பகுதியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வழி நெடுகக் கடை, விளக்கு, சத்தம். காட்டைத் தேடி வருகிறவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இரத்தினபுரிப் பக்கம் அப்படியில்லை. பலாபத்தல தாழ்வான இடம், அங்கிருந்து ஏற வேண்டிய உயரம் நல்லதண்ணியைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த உயரம் முழுவதும் காடு மாறிக்கொண்டே வரும். கீழே ஈர மழைக்காடு, அண்ணாந்து பார்க்க வைக்கும் மரங்கள். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, முறுகி, பாசி மூடிக்கொண்டு நிற்கும். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டோடும் சேர்ந்த மூன்றாவது இடம் இந்தக் காடுதான். இருட்டில் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் களுகங்கையோடு சேர்ந்து களுத்துறையில் கடலுக்குள் போகிறது. மலையின் நல்லதண்ணிப் பக்கம் விழுகிற மழை மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு வந்து, களனியாகிக் கொழும்புக்குப் போகிறது. உச்சியில் நிற்கும்போது இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

இரண்டு பாதையில் எது மேல் என்ற இந்த வழக்கு நாங்கள் தொடங்கியது இல்லை. 1344இல் இங்கே வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இதை எழுதியிருக்கிறார். உச்சியில் உள்ளது ஆதாமின் பாதம் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதமலைக்குப் போக வேண்டும் என்று கேட்க, அரசர் பல்லக்கும், வருடந்தோறும் மலைக்குப் போகும் யோகிகள் நாலு பேரையும், சுமை தூக்கப் பதினைந்து பேரையும் சேர்த்து அனுப்பிவைத்தார். மலையில் இரண்டு வழி என்கிறார் அவர். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, அதாவது ஆதாமும் ஏவாளும். மாமா வழி இலகுவானது. யாத்திரிகர் திரும்பி வருவது அந்த வழியால்தான். அந்த வழியாலேயே ஏறினவரை யாத்திரை செய்தவராக யாரும் எண்ணுவதில்லையாம். எங்கள் கழகத்துப் பலாபத்தலக் கட்சி சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான். அவர் பெயர் சொன்ன வழிகளில் எது இன்றைய எந்தப் பாதை என்று நான் பொருத்திப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: அவருக்குப் பின்னால் பல்லக்கு வந்தது, பதினைந்து பேர் சுமை தூக்கினார்கள். எங்களோடு வரப்போவது நாற்பது மாணவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் முதலாம் வருடம். வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள். நானும் வவுனியாதான். கம்பஸுக்கு வரும்வரை நான் ஏறிய பெரிய மேடு குளக்கட்டு.

எனவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். குழுவிலேயே மெதுவாக நடக்கிறவர் பாதியில் முடியாமல் உட்கார்ந்தால், அவருக்கும் மற்றவர்களுக்கும் என்ன நடக்கும்? நான் இரண்டு பக்கத்திலும் இதைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் பலாபத்தல. நாங்கள் இருபத்திரண்டு பேர். பகலில் வெளிக்கிட்டு, உச்சிக்குக் கீழே உள்ள தங்குமிடமான ஹெரமிட்டிபானவில் கொஞ்சம் படுத்தெழும்பி, அதிகாலையில் உச்சிக்குப் போவது திட்டம். ஹெரமிட்டிபானவைத் தாண்டி ஏறும்போது ஒரு தம்பிக்குக் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. நல்ல விளையாட்டுக்காரன்தான், ஆனால் வியர்த்த வியர்வைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்தவனால் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சித்தாலேப்ப பூசி நீவிவிட்டோம், உப்புப் போட்ட தண்ணீர் குடிக்கக் கொடுத்தோம். பக்கத்தில் கடை இல்லை, கூரை இல்லை. அவனையும் துணைக்கு ஒருவரையும் அந்தக் காற்றில் விட்டுவிட்டுப் போக எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் நின்றோம். நிற்க நிற்க வியர்வை குளிர்ந்து, நன்றாக இருந்தவர்களும் நடுங்கத் தொடங்கினார்கள். அவன் எழும்பி நடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் விடிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பாதையின் திசை முக்கியமாகிறது. சூரியன் எழும்பும்போது மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே விழும். உச்சியில் நின்று அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அந்த நிழல் விழுவது இரத்தினபுரிப் பக்கம். நாங்கள் அதற்குள்ளேயே நின்றோம். வானம் வெளுத்தது, தூரத்துக் காடு பொன்னிறமானது, எங்கள் மேல் மட்டும் வெயில் படவில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. அந்தத் தம்பி உச்சியில் உள்ள மணியை ஒருமுறை அடித்துவிட்டு, "என்னால எல்லாருக்கும் கெட்டுது அண்ணா" என்றான். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. ஒருவருக்குப் பிடித்தால் இருபத்திரண்டு பேரும் நிற்க வேண்டிய பாதைக்கு நாங்கள்தான் அவனைக் கூட்டிப் போனோம்.

நல்லதண்ணியில் அதற்கு முந்தைய வருடம் நடந்தது வேறு. முக்கால்வாசி ஏறியபின் ஒரு தங்கச்சிக்கு மூச்சு வாங்கி, தலை சுற்றி, இனி ஏலாது என்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடம் ஒரு தேநீர்க்கடை வாங்கு. கடைக்கார அக்கா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கையில் கொடுத்தார். "இங்கேயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். எங்கள் செயலாளர் அவளோடு இருந்தார், மற்றவர்கள் ஏறினோம். யாரும் யாருக்காகவும் குளிரில் நிற்கவில்லை. நல்லதண்ணிப் பாதை மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மேல் சூரியன் எழும்பியதை அவள் அந்த வாங்கிலிருந்தே பார்த்தாள். நாங்கள் இறங்கி வந்தபோது போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவள்தான் முன்வரிசையில் ஏறினாள்.

நல்லதண்ணிப் பாதையில் ஏறி முடிக்காதவருக்கும் ஒரு விடியல் கிடைக்கும். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நல்லதண்ணியின் குறைகளையும் சொல்ல வேண்டும். இறங்கும்போது முழங்காலை அது வதைக்கிற மாதிரி வேறெந்த மலையும் என்னை வதைத்ததில்லை. படிகள் ஒரே அளவும் இல்லை, ஒன்று அரை அடி, அடுத்தது முக்கால் அடி. முதல்முறை இறங்கியபின் மூன்று நாளுக்கு விடுதி மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்கினேன். பலாபத்தலவால் இறங்குவது இலகுவாக இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் ஏறியது அந்தப் பக்கம் என்றாலும் இறங்கியது நல்லதண்ணியால்தான், ஆகவே என் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. உயரம் இரட்டிப்பு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நான் பலாபத்தலவால் ஏறியது மழையில்லாத நாளில். நல்ல நாளிலேயே அப்படி என்பதால்தான் பயப்படுகிறேன் என்றாலும், ஒரே ஒரு பயணத்தை வைத்து ஒரு பாதையையே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த குறை கூட்டம். போயா நாளிலும் சனி ஞாயிறிலும் நல்லதண்ணிக்குப் போகவே கூடாது. கடைசிப் படிகளில் வரிசை நகராது, உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டே விடியலைத் தவறவிட வேண்டிவரும். ஒருமுறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் இதற்கு மருந்து எங்கள் கையிலேயே இருக்கிறது: செவ்வாய் அல்லது புதன் இரவு ஏறுவது. விரிவுரை ஒருநாள் போகும், பரவாயில்லை. சாதாரண நாளில் மெதுவாக நடக்கிறவர்கள் இரவு 11 மணிக்கும், மற்றவர்கள் 1 மணிக்கும் வெளிக்கிட்டால் போதும். அதைவிட முந்திப் போய்ச் சேர்வதும் தப்பு. மேலே உட்கார இடம் கொஞ்சம், காற்று அதிகம். வியர்த்த சட்டையோடு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தால் காய்ச்சல்தான். மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள், மேலே போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள். அந்தப் பொலித்தீன் திரும்ப உங்கள் பையிலேயே கீழே வர வேண்டும். படியோரமெல்லாம் கிடக்கும் போத்தல்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதில் ஒன்றுகூட எங்கள் கழகத்துடையதாக இருக்கக் கூடாது.

பலாபத்தலக் கட்சிக்கு ஒரு யோசனை. உங்களை நிறுத்த எனக்கு மனமில்லை, அந்தக் காட்டை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். எட்டுப் பேருக்கு மேற்படாத குழுவாக, செவ்வாய்க்கிழமை காலையிலேயே பலாபத்தலவிலிருந்து வெளிக்கிடுங்கள். வெளிச்சத்தில் காட்டைக் கடந்து, ஹெரமிட்டிபானவில் தூங்கி, விடிவதற்குமுன் உச்சியில் எங்களோடு சேருங்கள். இறங்குவது எல்லோரும் ஒன்றாக நல்லதண்ணியால். சொந்த பஸ் பிடித்தால் இது சரிவராது, பஸ் மலையைச் சுற்றி வர வேண்டிவரும். பொதுப் பஸ்ஸில் போனால் பிரச்சினை இல்லை. அந்த எட்டுப் பேரும் அதற்கு முந்திய இரண்டு சனிக்கிழமையும் கண்டிப் பக்கத்து ஹந்தான மலை நடைக்கு வந்திருக்க வேண்டும். பை முழு எடையோடு ஹந்தானவில் ஏறி இறங்கி அடுத்த நாள் சாதாரணமாக நடக்க முடிந்தவர்களுக்குப் பலாபத்தலவும் முடியும் என்பது என் எண்ணம். போகும் கிழமையில் மழை பெய்திருந்தால் பாதை எப்படி இருக்கிறது என்று இரத்தினபுரியில் விசாரித்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

முதலாம் வருடத்தில் இந்த மலைக்குத் தயங்குகிறவர்கள் வருத்தப்பட வேண்டாம். அடுத்து ஹோட்டன் சமவெளி வருகிறது. உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் அந்தச் சுற்று 9 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் சமதரை. நக்கிள்ஸை அதற்குப் பிறகு பேசுவோம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாக்கெடுப்பு. முடிவு எப்படி வந்தாலும் பலாபத்தலவால் போகிறவர்கள் நீளமான காலுறை போட்டு, காற்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். நிலம் ஈரமான இடமெல்லாம் அட்டை இருக்கும். யாத்திரிகர்கள் அட்டை கடித்தால் பிழிந்துவிட எலுமிச்சம்பழம் வைத்திருந்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார், நாங்களும் செய்து பார்த்தோம், விழுகிறது. உப்பும் எலுமிச்சம்பழமும் நான் வாங்கித் தருகிறேன்.